கிளீவ்லாந்து டிரஸ்ட் வட்டக்கூடம்: வங்கி மண்டபத்தை மளிகைக்கடை ஆக்கியது முறைதானா?

ஏரிக்கரை வாசகி எழுதியது:

தியாகராஜ ஆராதனைக்காக ஆண்டுதோறும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகருக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் யூக்ளிட் அவென்யூவை விழா நடக்கும் பல்கலைக்கழக அரங்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே சாலையில் மேற்கு நோக்கிச் சுமார் ஒரு மைல் நடந்தால், கிழக்கு 9ஆம் தெருச் சந்திப்பில், கிரேக்கக் கோயிலைப் போன்ற முகப்புடன் வெளிர்நிற கிரானைட் கட்டடம் ஒன்று நிற்கிறது. கிளீவ்லாந்து டிரஸ்ட் கம்பெனி என்ற வங்கி தன் தலைமையகமாகக் கட்டி 1907 டிசம்பர் இறுதியில் திறந்த கட்டடம் அது. உள்ளே போனால் தூண்கள் சூழ்ந்த வட்டமான கூடமும், அதற்கு மேலே 61 அடி விட்டமுள்ள வண்ணக் கண்ணாடிக் குவிமாடமும் தெரியும். தரையிலிருந்து குவிமாட உச்சி ஏறத்தாழ 85 அடி உயரத்தில் இருக்கிறது. வங்கி 1996இல் அங்கிருந்து வெளியேறியது. கட்டடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2015 பிப்ரவரியில் ஹைனன்ஸ் என்ற உள்ளூர்க் குடும்ப நிறுவனத்தின் மளிகைக்கடையாகத் திறக்கப்பட்டது.

காசாளர்கள் அமர்ந்திருந்த தரையில் இப்போது சாப்பாட்டு மேசைகளும் சமைத்த உணவு விற்கும் முகப்புகளும் இருக்கின்றன. மேல்தளத்து வளைய நடையில் ஒயினும் பீரும் விற்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஆனால் நண்பர்களிடம் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே கேட்கிறேன்: இப்படிப்பட்ட கூடத்துக்கு மளிகைக்கடை ஏற்ற மறுவாழ்வா? இதைவிடச் சிறந்தது எதுவும் நடந்திருக்கக் கூடுமா?

கல்தச்சன் எழுதியது:

கேள்விக்கு விடை சொல்லும் முன், கட்டடம் ஏன் வட்டமாக அமைந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் விவாதத்துக்கு அது தேவைப்படும். யூக்ளிட் அவென்யூவும் 9ஆம் தெருவும் செங்கோணத்தில் சந்திக்கவில்லை. அந்த மூலைமனையில் சதுரமான கூடம் ஒன்றை வைத்தால் ஏதாவது ஒரு சுவர் கோணலாகத் தெரியும். கட்டடக்கலைஞர் ஜார்ஜ் பி. போஸ்ட் நடுவில் வட்டத்தை வைத்து, மனையின் கோணலை வட்டத்துக்கும் வெளிச்சுவர்களுக்கும் இடையிலுள்ள அறைகளுக்குள் ஒளித்துவிட்டார். உள்ளே நிற்பவருக்கு அந்தக் கோணல் புலப்படுவதே இல்லை. 1903இல் முடிந்த நியூயார்க் பங்குச்சந்தைக் கட்டடமும் இவருடையதே என்பதால், முகப்புத் தூண்களையும் அவற்றின் மேலுள்ள முக்கோணச் சிற்பத்தையும் பார்க்கும்போது ஒரே கையின் வேலை என்று உடனே தெரியும்.

முகப்பு முக்கோணத்தின் சிற்பங்கள் கார்ல் பிட்டருடையவை. உள்ளே, மேல் அடுக்கில், அமெரிக்காவில் ஐரோப்பியர் வந்து குடியேறிய வரலாற்றைச் சொல்லும் 13 சுவரோவியங்கள் உள்ளன. அவற்றைத் தீட்டியவர் ஃபிரான்சிஸ் டேவிஸ் மில்லட். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது இறந்தவர்களில் அவரும் ஒருவர். போஸ்ட், பிட்டர், மில்லட் ஆகிய மூவருமே 1893ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியில் பணிபுரிந்தவர்கள். அந்தக் கண்காட்சியின் வெண்ணிறச் செவ்வியல் மாளிகைகளைப் பார்த்துவிட்டு வந்த ஊர்ப் பெரியவர்கள், தங்கள் ஊரிலும் அப்படியொன்று வேண்டும் என்று அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்காட்சி மாளிகைகளில் பெரும்பாலானவை சாந்துப்பூச்சில் செய்த தற்காலிகக் கட்டடங்கள்; வங்கி அதையே கல்லில் நிலைக்கச் செய்தது.

குவிமாடத்தைப் பற்றி ஒரு சொல். வண்ணக் கண்ணாடிக்குப் பெயர்பெற்ற டிஃபனி நிறுவனத்தின் படைப்பு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது, இன்றும் சில சுற்றுலாப் பக்கங்களில் அப்படியே இருக்கிறது. அது ஃபிலடெல்ஃபியாவின் நிக்கோலா டாஸ்சென்சோ என்ற கண்ணாடிக் கலைஞரின் வேலை என்றே இப்போது கொள்ளப்படுகிறது. புகழ்பெற்ற பெயருக்கு ஊரே ஆசைப்படும்போது உண்மையான கைவினைஞரின் பெயர் நூறாண்டு காணாமற்போவது இங்கு மட்டும் நடக்கும் செயலன்று.

ஐயப்பாட்டாளன் எழுதியது:

இவ்வளவு விரிவான சிற்பமும் ஓவியமும் உள்ள கூடத்தில் தக்காளியும் பாலாடைக்கட்டியும் விற்பது எனக்கு உவப்பாக இல்லை. அருங்காட்சியகமாகவோ நூலகமாகவோ இசையரங்காகவோ ஆக்கியிருக்கலாம். வணிகர் ஒருவர் வாடகை கட்டுகிறார் என்பதற்காக ஊரின் பொதுச்சொத்தைப் போன்ற ஓரிடத்தை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அதற்கு மறுவாழ்வு என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரவு செலவு எழுதியது:

அது எந்நாளும் பொதுச்சொத்தாகக் கட்டப்படவில்லை, ஐயா. தனியார் வங்கி ஒன்று, பணத்தை இங்கே போட்டால் பத்திரமாக இருக்கும் என்று மக்களை நம்பவைப்பதற்காகச் செலவழித்து எழுப்பிய விளம்பரம் அது. வைப்புத்தொகைக்கு நாடு தழுவிய அரசுக் காப்பீடு அமெரிக்காவில் 1933க்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் ஒரு வங்கியின் உறுதியை வாடிக்கையாளர் எதைக் கொண்டு அறிவார்? கல்லின் பருமனைக் கொண்டும் கதவின் எடையைக் கொண்டும்தான். 1933இல் அமெரிக்க வங்கிகள் அனைத்தும் மூடப்பட்டபோது, கிளீவ்லாந்தின் யூனியன் டிரஸ்ட், கார்டியன் டிரஸ்ட் என்ற இரு பெரிய வங்கிகள் மீண்டும் எழவேயில்லை. கிளீவ்லாந்து டிரஸ்ட் தப்பியது. யூனியன் டிரஸ்ட்டின் கட்டடம் இதைவிடப் பன்மடங்கு பெரியது, அதுவும் இதே சந்திப்பில்தான் நிற்கிறது. கல்லின் பருமன் எதையும் உறுதி செய்யவில்லை என்பதற்கு எதிரெதிரே நிற்கும் அந்த இரண்டு கட்டடங்களே சான்று.

இந்த வங்கியின் வரலாற்றில் மறக்கக் கூடாத இன்னோர் ஆண்டு 1978. நகராட்சிக்குச் சொந்தமான மின்நிறுவனத்தை விற்க இளம் மேயர் டென்னிஸ் குசினிச் மறுத்தார். நகராட்சி ஆறு உள்ளூர் வங்கிகளிடம் வாங்கியிருந்த கடனைப் புதுப்பிக்கக் கிளீவ்லாந்து டிரஸ்ட் மறுத்தது. டிசம்பர் 15ஆம் நாள் கெடு கடந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்துக்குப் பிறகு கடன் தவறிய முதல் பெரிய அமெரிக்க நகரம் என்ற பெயர் கிளீவ்லாந்துக்கு வந்து சேர்ந்தது. அடுத்த தேர்தலில் மேயர் தோற்றார். மின்நிறுவனம் இன்றுவரை நகராட்சியிடமே இருக்கிறது. ஏரிக்கரை வாசகி தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆராதனை விழா தொடங்கியதும் அதே 1978இல்தான் என்பது தற்செயல் என்றாலும், எந்த நிலையிலிருந்த ஊரில் நம்மவர்கள் அதைத் தொடங்கினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க உதவும்.

ஆகவே அந்தக் குவிமாடத்தை நான் வியக்கிறேன், ஆனால் கோயிலாகக் கருதவில்லை. அந்தக் கூடம் வணிகத்துக்காகப் பிறந்தது, இன்றும் வணிகம் செய்கிறது.

கல்தச்சன் எழுதியது:

ஐயப்பாட்டாளன் சொன்ன மாற்றுகளைக் கட்டடக்கலை நோக்கில் பார்ப்போம். கல்லும் கண்ணாடியும் சூழ்ந்த வட்டக்கூடத்தில் ஒலி பலமுறை எதிரொலித்து நடுவில் குவியும். அதை இசையரங்கமாக்க வேண்டுமென்றால் சுவர்களையும் குவிமாடத்தையும் ஒலியை உறிஞ்சும் பொருள்களால் மறைக்க நேரும், அதாவது காக்க வேண்டியதையே மூட நேரும். நூலகத்துக்கும் இதே தொல்லை உண்டு, கூடவே புத்தகங்களுக்கு ஆகாத ஒளியும் மேலிருந்து இறங்கும். அருங்காட்சியகம் என்றால் நிலையான பொருளுதவி வேண்டும். இந்த ஊரில் உலகத் தரமான கலை அருங்காட்சியகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு நுழைவுக்கட்டணமும் இல்லை. இரண்டாவதற்கு யார் பணம் தருவார்கள்?

கடைக்கு வேண்டியது பெரிதும் திறந்த தரைதான். வங்கிக்கூடம் இயல்பிலேயே திறந்த தரை, அதில் புதிய சுவர் எழுப்பத் தேவையில்லை. மளிகைக்கடையின் உண்மையான சுமை குளிர்பதனப் பெட்டிகளும் உயரமான அடுக்குகளும் இறைச்சிப் பகுதியும் சரக்கு இறக்கும் வாயிலும்தான். அவற்றையெல்லாம் வட்டக்கூடத்துக்குள் திணிக்காமல், யூக்ளிட் அவென்யூவில் ஒட்டினாற்போல நிற்கும் ஸ்வெட்லண்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தையும் சேர்த்துக்கொண்டு அங்கே வைத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த மறுபயன்பாட்டின் கெட்டிக்காரத்தனமே இந்த ஒரு முடிவில் இருக்கிறது. கடைக்கு வருபவர் சாதாரணமான ஓரிடத்தில் அரிசியும் மீனும் வாங்கிவிட்டு, குவிமாடத்தின் கீழே வந்து அமர்ந்து உண்கிறார். நாளைக்குக் கடை போய்விட்டாலும், மேசைகளையும் விற்பனை முகப்புகளையும் எடுத்துவிட்டால் 1907ஆம் ஆண்டின் கூடம் அப்படியே கிடைக்கும். பழைய கட்டடத்தில் எதைச் சேர்த்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியவேண்டும் என்பது எங்கள் துறையின் முதல் பாடம்.

நிலவறையில் இருந்த பெட்டக அறைகளையும் பெருங்கதவுகளோடு அப்படியே விட்டு மதுக்கூடமாக்கினார்கள். அது எனக்கு அவ்வளவு உவப்பில்லை, வேடிக்கை காட்டுவது போல இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுகளை அகற்றவும் முடியாது, அவற்றைப் பார்க்க ஆளும் வேண்டும்.

ஐயப்பாட்டாளன் எழுதியது:

ஒலியைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இவ்வளவு எளிதாகப் பொருந்தும் பயன்பாடு என்றால், அது நடக்க ஏன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின?

வரவு செலவு எழுதியது:

இந்தக் கேள்விதான் இழையின் மையமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிளீவ்லாந்து டிரஸ்ட் 1979இல் அமெரிட்ரஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நகரின் மையமான பொதுச் சதுக்கத்தருகே புதிய கோபுரம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டு, அங்கிருந்த பழைய கட்டடங்களை 1990ஐ ஒட்டி இடித்து மனையைக் காலியாக்கினார்கள். கோபுரம் எழுவதற்குள் 1992இல் சொசைட்டி என்ற போட்டி வங்கியோடு இணைப்பு நடந்தது. சொசைட்டியிடம் அதே சதுக்கத்தில் புத்தம்புதிய கோபுரம் இருந்தது. ஒரே ஊரில் இரண்டு தலைமையகங்கள் எதற்கு? திட்டம் கைவிடப்பட்டது. இடித்த மனை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாகன நிறுத்துமிடமாகவே கிடந்து, ஷெர்வின் வில்லியம்ஸ் வண்ணப்பூச்சு நிறுவனத்தின் தலைமையகத்துக்காகவே மீண்டும் தோண்டப்பட்டது. 1994இல் சொசைட்டி கீகார்ப்புடன் இணைந்தது; 1996இல் வட்டக்கூடத்தின் கிளையும் மூடப்பட்டது. வங்கிகள் இணையும்போது மிஞ்சிப்போவது கட்டடங்கள். அவற்றில் அழகானது முதலில் மிஞ்சும், ஏனெனில் அதைப் பராமரிக்கும் செலவு மிக அதிகம், வாடகைக்கு விடத்தக்க தளப்பரப்போ மிகக் குறைவு.

வட்டக்கூடத்தைத் தனியாக எவரும் வாங்க முடியாது. அதனோடு ஒட்டி, 1971இல் முடிந்த 29 மாடிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. நவீனக் கட்டடக்கலைஞர் மார்செல் புரோயர் வடிவமைத்தது. அதற்கு இணையாக இரண்டாவது கோபுரம் ஒன்றும் திட்டத்தில் இருந்தது, ஆனால் கட்டப்படவில்லை. கிளீவ்லாந்து அடங்கிய கயஹோகா கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) நிர்வாகம் 2005இல் மொத்த வளாகத்தையும் வாங்கியது. கோபுரத்தை இடித்துவிட்டு, வட்டக்கூடத்தை ஒட்டித் தன் அலுவலகத்தைப் புதிதாகக் கட்டுவது அதன் எண்ணம். கட்டடக்கலை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், பணமும் கூடிவரவில்லை, திட்டம் நின்றது. 2011இல் கவுன்ட்டியின் ஆட்சிமுறையே மாறியது. 2013இல் புதிய நிர்வாகம் வளாகத்தை கைஸ் என்ற கட்டுமான நிறுவனத்துக்கு 27 மில்லியன் டாலருக்கு விற்றது. அந்த நிறுவனம் அதே வளாகத்தில் கட்டித் தந்த புதிய அலுவலகத்துக்குக் கவுன்ட்டியே நீண்டகாலக் குத்தகைதாரராக வந்தது. கோபுரம் விடுதியாகவும் குடியிருப்புகளாகவும் மாறியது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நம்பகமான அரசு வாடகை ஒருபுறம் உறுதியானது, கோபுரத்தில் ஆட்கள் குடியேறப்போவது மறுபுறம் உறுதியானது. அந்த இரண்டும் இருந்ததால்தான், வட்டக்கூடத்திலிருந்து பெரிய வாடகை வராவிட்டாலும் தாங்கலாம் என்ற நிலை வந்தது. புதிதாகக் குடியேறியவர்களுக்கு மளிகைக்கடை தேவைப்பட்டது, கடைக்கும் வாடிக்கையாளர் தேவைப்பட்டார்கள். வட்டக்கூடத்தைக் காப்பாற்றியது அதன் அழகு என்று நான் நம்பவில்லை. பலரும் அருவருத்த அந்தக் கான்கிரீட் கோபுரத்தின் தளப்பரப்புதான் காப்பாற்றியது.

ஏரிக்கரை வாசகி எழுதியது:

இந்தக் கோணத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை. கோபுரத்தை இடிக்கச் சொன்னவர்கள் பலரும் வட்டக்கூடத்தின்மேல் கொண்ட பற்றினால்தான் அப்படிச் சொன்னார்கள். சாம்பல் நிறக் கான்கிரீட் பலகைகளால் ஆன அந்த உயரம் பழைய கூடத்தை நசுக்குகிறது என்பது அவர்கள் வாதம், நேரில் பார்த்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இடித்திருந்தால் வட்டக்கூடம் ஒரு அரசு அலுவலகத்தின் வரவேற்பறையாக ஆகியிருக்கும். வரிசையில் நின்று படிவம் கொடுப்பவர்கள் மட்டுமே குவிமாடத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

புரோயர் உருவாக்கிய வானளாவிய கட்டடம் இது ஒன்றே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பெயரை நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்துக்காக 1966இல் கட்டிய கட்டடத்தோடு மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கல்தச்சன் எழுதியது:

அதே ஊரில் ஜார்ஜ் பி. போஸ்ட் கட்டிய வில்லியம்சன் கட்டடம் என்ற இன்னொன்று 1900 முதல் பொதுச் சதுக்கத்தில் நின்றது. 1982இல், பக்கத்திலிருந்த, கட்டடக்கலைஞர் டேனியல் பர்னமின் கயஹோகா கட்டடத்தோடு சேர்த்து, வெடிவைத்துத் தகர்த்தார்கள். எண்ணெய் நிறுவனம் ஒன்றின் கோபுரத்துக்காக. வில்லியம்சன் கட்டடம் நல்ல அலுவலகக் கட்டடம், அதன் மனைக்கு நல்ல விலையும் இருந்தது, ஆகவே போயிற்று. வட்டக்கூடத்தின் மனைக்கு அப்படியொரு தேவை வரவில்லை. வரவு செலவு அவர்களின் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஊர் நொடித்துக் கிடந்ததும் ஒருவகையில் காப்பாகியது.

ஐயப்பாட்டாளன் எழுதியது:

என் முதல் எதிர்ப்பைத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனால் வேறோர் எதிர்ப்பு எழுகிறது. அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைப்போருக்கு, தகுதியான செலவில் 20 விழுக்காட்டைக் கூட்டரசு வருமானவரியில் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது; ஒஹையோ மாநிலமும் தன் பங்குக்கு அப்போது 25 விழுக்காடு வரை கழிக்க விட்டது. இவ்வகைக் கழிவுகள் இல்லாமல் இத்தகைய வளாகம் எதுவும் மீண்டிருக்காது என்பது உங்கள் வாதத்திலிருந்தே தெரிகிறது. அப்படியானால் செலவில் ஒரு பங்கை ஊர் மக்கள்தான் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த பணத்தில் மீண்ட கூடத்தில் விற்பது நடுத்தரத்துக்கு மேற்பட்டவர்களின் பண்டங்கள். நகரின் கிழக்குப் பகுதியில் ஒழுங்கான மளிகைக்கடையே இல்லாத தெருக்கள் எத்தனையோ இருக்கின்றன. பழைய வங்கி யாரை வாசலில் நிறுத்தியதோ அவர்களையே புதிய கடையும் விலையால் நிறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால் என்ன விடை தருவீர்கள்?

வரவு செலவு எழுதியது:

முழுமையான விடை என்னிடம் இல்லை. வரிக்கழிவு கட்டடத்துக்குத் தரப்படுகிறது, கடைக்குத் தரப்படவில்லை. வேலை முடிந்து, வரலாற்றுத் தன்மை சிதையவில்லை என்று அரசின் ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே கழிக்க முடியும். குவிமாடமும் ஓவியங்களும் கை வைக்கப்படாமல் மீண்டதில் அந்த விதிக்குப் பங்கு உண்டு. ஆனால் உள்ளே என்ன விற்க வேண்டும், யாருக்கு விற்க வேண்டும் என்று அந்த விதி எதுவும் சொல்வதில்லை. அப்படிச் சொல்ல வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. என் கருத்தில், கட்டடத்துக்குத் தரும் சலுகையை உணவுக்கொள்கைக்கான கருவியாக்கினால் இரண்டும் கெடும். கிழக்குப் பகுதிக்குத் தனியே ஒரு திட்டம் வேண்டும், அதற்குத் தனியே பணமும் வேண்டும்.

மூன்றாம் தளம் எழுதியது:

சில ஆண்டுகள் அந்த ஊரில் பணிபுரிந்தவன் என்ற முறையில் இந்த இழையைப் படித்தேன். வட்டக்கூடத்தை மட்டும் தனித்துப் பேசுவதைவிட, சுற்றியுள்ள மற்ற வங்கிக்கூடங்களோடு வைத்துப் பார்த்தால் ஐயப்பாட்டாளன் ஐயாவின் கேள்விக்கு ஓரளவு வெளிச்சம் கிடைக்கும்.

பொதுச் சதுக்கத்தில் உள்ள சொசைட்டி ஃபார் சேவிங்ஸ் கட்டடம் 1890இல் பர்னமும் அவருடைய கூட்டாளி ரூட்டும் கட்டியது. அதன் கூடம், அருகிலுள்ள கீ கோபுரத்தோடு (முன்பு சொன்ன சொசைட்டியின் புதிய கோபுரம்) இணைக்கப்பட்டு, வங்கிக் கிளையாகவே தொடர்ந்தது. உள்ளே போனால் பணிவாக நடந்துகொள்ளத் தோன்றும். ஆனால் அந்த வங்கியில் வேலை இல்லாதவர் அங்கே நெடுநேரம் நிற்க மாட்டார். யூக்ளிட் அவென்யூவிலேயே இன்னொரு பழைய வங்கிக்கூடம் 2017 முதல் மார்பிள் ரூம் என்ற உயர்தர உணவகமாக இருக்கிறது. அழகாகப் பேணுகிறார்கள், ஆனால் அங்கே உணவருந்துவது மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டில் ஒருமுறை நடக்கும் செயல். 9ஆம் தெருச் சந்திப்பில், வட்டக்கூடத்துக்கு எதிரே நிற்கும் யூனியன் டிரஸ்ட் கட்டடத்தின் கூடமோ, ஜூல்ஸ் கெரினின் ஓவியங்களும் பிரம்மாண்டமான தூண்வரிசைகளும் கொண்டது. 1924இல் திறந்தபோது நாட்டின் மாபெரும் வங்கிக்கூடங்களில் ஒன்று. பின்னாளில் அங்கிருந்த ஹண்டிங்டன் வங்கி 2011இல் வெளியேறியது முதல் அது வெறுமையானது. 2018இல் கைமாறியது, மாநில அரசு 2022இல் பெருந்தொகை வரிக்கழிவும் அறிவித்தது, ஆனாலும் வேலை நகரவில்லை. பத்து லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட தளப்பரப்பை ஒரே நேரத்தில் நிரப்ப அந்த ஊரில் ஆளில்லை. கூடத்தைக் காப்பாற்றத் தளப்பரப்பு வேண்டும் என்று வரவு செலவு சொன்னது சரி, ஆனால் தளப்பரப்பு மிதமிஞ்சினால் அதுவே கூடத்தை மூழ்கடித்தும் விடுகிறது.

இவற்றோடு ஒப்பிட்டால், ஒரு டாலருக்குக் காப்பி வாங்கிக்கொண்டோ, எதுவுமே வாங்காமலோ ஒருவர் உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகக்கூடிய கூடம் வட்டக்கூடம்தான். விலை உயர்வு என்ற குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கதவருகில் யாரும் உங்களை என்ன வேலை என்று கேட்பதில்லை.

ஐயப்பாட்டாளன் எழுதியது:

ஒரு டாலர் காப்பியைப் பற்றிய கணக்கு இன்றைய விலைவாசிக்கு ஐயத்துக்குரியது; மற்றபடி ஏற்றுக்கொள்கிறேன். மேல்தளத்துக்கு எல்லோரும் ஏறலாமா?

மூன்றாம் தளம் எழுதியது:

காப்பி விலையை நான் பழைய நினைவில் எழுதினேன், விட்டுவிடுங்கள். கடை திறந்திருக்கும் நேரத்தில் நான் பலமுறை மேலே ஏறியிருக்கிறேன், யாரும் தடுத்ததில்லை. மில்லட்டின் ஓவியங்களைக் கீழிருந்து பார்த்தால் கழுத்து வலிதான் மிஞ்சும். மேல்நடையிலிருந்து பார்த்தால், நயாகரா அருவியருகே 17ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஹென்னெப்பின் நிற்பது போன்ற காட்சிகளை நிதானமாகக் காணலாம். அவை குடியேறியவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதை. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அதில் கிடைத்திருக்கும் இடத்தையும் கவனித்துப் பாருங்கள். கண்ணாடிக்குப் போதிய வெளிச்சம் வேண்டுமென்றால் நண்பகலில் செல்லுங்கள். ஆராதனைக்குச் செல்பவர்கள் காலைக் கச்சேரிக்கும் மாலைக் கச்சேரிக்கும் இடையில் யூக்ளிட் அவென்யூவில் ஓடும் பேருந்தைப் பிடித்தால் போய்வந்துவிடலாம்.

ஏரிக்கரை வாசகி எழுதியது:

நன்றி. யூனியன் டிரஸ்ட் கூடத்தைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். அதன் தூண்வரிசையின் அமைப்பைப் பற்றிக் கல்தச்சன் அவர்கள் அங்கே எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.